பின் சீட்டு பெல்ட்

உச்சி வெயிலில், பழைய கார் விற்கும் அந்த யார்டுக்குள் மூன்று பேர் நுழைந்தார்கள். மருந்துக்கடைக்காரன், ஏழு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி, மெக்கானிக்கான அவள் அண்ணன். ரத்த அழுத்தம் எந்த நேரமும் எகிறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கோ முக்கால் மணி நேரம். அண்ணனின் பழைய காரை நம்ப முடியாது; நடுவழியில் நிற்காத வண்டியாக ஒன்று வேண்டும்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன எஸ்யூவி மனசுக்குப் பிடித்துப்போயிற்று. மச்சான் அதனடியில் படுத்துப் பார்த்தார். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பார்த்தார்.

"அடிபட்ட வண்டி இல்ல மாப்ள. தண்ணியில முங்கினதும் இல்ல. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

"அப்புறம் ஏன் ஆறு மாசமா விக்காம கிடக்கு?" என்று யார்டுக்காரரிடம் கேட்டான் மருந்துக்கடைக்காரன்.

"ஓட்டிப் பாருங்க," என்று சாவியை நீட்டினார் யார்டுக்காரர்.

மனைவியை ஆபீஸ் ஃபேனுக்கடியில் உட்கார வைத்துவிட்டு, மச்சான் ஓட்ட, இருவரும் கிளம்பினார்கள்.

மெயின் ரோட்டைத் தாண்டியதும் பீப் பீப் என்று சத்தம். பின் சீட்டில் யாரோ பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"சென்சார் கோளாறு."

மச்சான் ஓரங்கட்டினார். சீட்டுக்கடியில் கைவிட்டு வயரைப் பிடுங்கினார். சத்தம் அடங்கியது. மறுபடி கிளம்பினார்கள். ஏசி காற்றில் பால் புளித்த மாதிரி ஒரு வாடை வந்துகொண்டே இருந்தது.

டக்.

பின்னால் பெல்ட் மாட்டும் சத்தம்.

மருந்துக்கடைக்காரன் திரும்பினான். இடது பக்கத்து பெல்ட் மாட்டியிருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. எதையோ அணைத்துப் பிடித்தமாதிரி புடைத்து நின்றது.

அது மெல்ல ஏறியது.

இறங்கியது.

"பாக்காத மாப்ள," கண்ணாடியில் பார்த்துவிட்ட மச்சான் குரலைத் தாழ்த்தினார். "பேசவும் செய்யாத."

வண்டியை யார்டுக்கே திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யார்டுக்காரர் பின் கதவைத் திறந்து, யாரோ இறங்கக் காத்திருப்பவர்போல ஒதுங்கி நின்றார். பெல்ட் அவிழ்ந்து கிடந்தது. காலி சீட்டையே பார்த்தவர், மெதுவாக ஆபீஸ் பக்கம் திரும்பினார்.

"அவங்கள கூட்டிக்கிட்டு சீக்கிரம் போயிருங்க."

மனைவியிடம் இன்ஜின் சரியில்லை என்று மட்டும் சொன்னார்கள். மச்சானின் பழைய காரில் அவள் பின்னால் ஏறினாள். ஆண்கள் இருவரும் முன்னால். ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது.

"மெதுவா போண்ணே," பின்னாலிருந்து கிசுகிசுத்தாள்.

மருந்துக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் இடது தோளைத் தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் காலியிடத்துக்கு மேலே, அந்தரத்தில், அவள் கை மெல்லத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

"இப்பதான் கண்ணசந்திருக்கு."