தம்பூரின் மூன்றாவது குரல்

தம்பூர் இடது ஷூவை முகர்ந்தான். வலது ஷூவுக்குப் போகவே இல்லை. வாலும் ஆடவில்லை.

ஐந்து வயது அனுஷா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் நடக்கிற சடங்கு அது. முதலில் இடது ஷூ, அப்புறம் வலது ஷூ, அப்புறம் முழங்காலில் ஒரு நக்கு, அதற்கு அனுஷா போடுகிற கூச்சல். பதினோரு மாதமாக ஒருநாளும் மாறாத வரிசை. இன்றைக்கு அவன் ஒரு ஷூவோடு நிறுத்திக்கொண்டு பின்வாங்கினான். கழுத்திலிருந்து வால்வரைக்கும் முடி எழுந்து நின்றது.

தமயந்தி அதைப் பார்த்தாள், ஆனால் அவளுக்கு வேறு உறுத்தல் இருந்தது. புருஷன் ராஜேஷ்குமார் கம்பெனி வேலையாகப் பிரான்சுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. அங்கே மதிய சாப்பாட்டு வேளையில் போன் செய்வான், பிடித்தால் விடமாட்டான். அந்தப் பேச்சில் மூன்றரை மணி ஸ்கூல் வேனை அவள் கோட்டைவிட்டுவிட்டாள். தினமும் நாயைப் பிடித்துக்கொண்டு லேஅவுட் கேட்டில் போய் நிற்கிறவள், இன்றைக்கு ரிசீவரை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, சமையலறைப் பின்கதவு வழியாகக் குழந்தை தானே வந்து நின்றது. உச்சந்தலையிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மழையே இன்னும் வரலையே, எங்கடி இப்படி நனைஞ்ச?"

"தண்ணில."

"எந்தத் தண்ணில?"

அனுஷா சிரித்தாள். தமயந்திக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பிள்ளையைத் தனியாக நடக்க விட்டுவிட்டு இங்கே உட்கார்ந்து போனில் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். துண்டை எடுக்க ஓடினாள்.

தம்பூர் முன்கதவைப் பிராண்ட ஆரம்பித்தான்.

அவன் அவர்கள் வாங்கின நாய் இல்லை. ராஜேஷ்குமாரின் மேனேஜராக இருந்த மத்தியூ என்கிற பிரெஞ்சுக்காரர் ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. பெட்டி பாஸே கிரிஃபான் வாந்தேயன் என்று ஜாதிப்பெயர் சொன்னார். மூன்றாவது நாளே தமயந்தி அந்தப் பெயரைக் கைகழுவிவிட்டாள். குட்டைக் கால், தொங்கு காது, மூஞ்சியெல்லாம் தாடி. லேஅவுட்டில் எல்லாருக்கும் அவன் சடை நாய், அனுஷாவுக்கு மட்டும் தம்பு. முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனமாம். வைட்ஃபீல்டில் முயலுக்கு எங்கே போவது, பெருச்சாளியோடு திருப்திப்பட்டுக்கொண்டான். அவனை வைத்துக்கொள்வதும் லேசில்லை. ஞாயிறுதோறும் காதைத் தூக்கிப் பஞ்சால் துடைக்க வேண்டும், விட்டால் சீழ் கட்டி நாறும். அனுஷாதான் டார்ச் பிடிப்பாள். வெளியே போய்வந்தால் வயிற்று முடியில் ஒட்டின நாயுருவி முள்ளை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். அதெல்லாம்கூடப் போகட்டும், அவன் குரல்தான் வினை. தம்பூர் என்றாலே பிரெஞ்சில் மேளமாம்.

அந்தக் குரலைப் பற்றி மத்தியூ ஒரு தாளே எழுதிக் கொடுத்திருந்தார். விட்டுவிட்டுக் குரைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள். ஊளைபோல நீட்டினால் வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறான். ஒரே இடத்தில் நின்று மேளம் அடிக்கிற மாதிரி விடாமல் அடித்தால், தேடினது கிடைத்துவிட்டது, நீ வரும்வரை இங்கேயே நிற்கிறேன் என்று அர்த்தம். வேட்டைக்காரன் கண்ணால் பார்க்கவே வேண்டாம், காதால் கேட்டுக்கொண்டே போகலாம். இந்த மூன்றாவது குரல் பொய் சொல்லாது என்று கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தார்.

அசோசியேஷன்காரர்களுக்கு மூன்று குரலும் ஒன்றுதான். இரண்டு முறை நோட்டீஸ் வந்தது. பார்க்கில் நாயைக் கொண்டுவரக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். அதனால் தமயந்தி, பின்பக்கக் காம்பவுண்டுச் சுவர் இடிந்த சந்து வழியாக, தைலமரத் தோப்புக்குள் அவனைக் கூட்டிப்போகப் பழகினாள். தினமும் வேன் வந்ததும் மூன்று பேரும் நேரே அங்கேதான். தோப்பு நடுவில் ஒரு பழைய விவசாயக் கிணறு. கைப்பிடிச் சுவர் விழுந்துவிட்டது. அனுஷா எட்டிப் பார்த்துத் தண்ணீரில் தெரிகிற தன் முகத்துக்குக் கையாட்டுவாள், தமயந்தி அவள் கவுனைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

குரலை அடக்கவும் வழி இருந்தது. மத்தியூ தந்த பித்தளை விசில். கோழி ஈரலைக் கொடுத்துக் கொடுத்து இரண்டு மாதம் பழக்கினாள். இப்போது எதைக் கண்டுபிடித்து நின்றாலும், விசில் கேட்டால் தம்பூர் வாயை மூடிக்கொண்டு ஓடிவந்துவிடுவான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

முன்கதவில் பிராண்டல் நிற்கவில்லை.

"என்னடா உனக்கு" என்று கதவை ஒரு சாண் திறந்தாள். அவள் காலை இடித்துக்கொண்டு அவன் பாய்ந்து ஓடினான்.

கரண்ட் போனது. மழை இருட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றதும், இத்தனை நேரம் கேட்காமல் இருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் எல்லாம் கேட்க ஆரம்பித்தன. குழந்தையின் கவுனிலிருந்து தரையில் விழுகிற சொட்டு, தூரத்தில் இடி, கடிகாரம். தமயந்தி நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு அனுஷாவை உட்கார வைத்துத் தலை துவட்டினாள். துண்டு நனைந்தது. தலை காயவில்லை. இரண்டாவது துண்டும் பிழிகிற அளவுக்கு நனைந்தது. முடியிலிருந்து பாசி வாடை வந்தது.

வெளியே கேட் பக்கம் தம்பூர் நீட்டிக் குரல் கொடுத்தான். இரண்டாவது குரல்.

வேன் நிற்கிற இடம் அது என்று அவள் காது தானாகக் கணக்குப் போட்டது. ஊளை நகர்ந்தது. ஜெனரேட்டர் ரூமைத் தாண்டியது. வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் திரும்பவில்லை. காம்பவுண்டு ஓரமாகவே போய், இடிந்த சந்தில் நுழைந்து, தைலமரங்களுக்குள் போய் மெலிந்தது.

அப்புறம் மாறியது. ஒரே இடம். விடாமல். மேளம்.

"பெருச்சாளியப் பிடிச்சிருக்கான்" என்று சத்தமாகவே சொன்னாள். 

போன் அடித்தது. அசோசியேஷன் செக்ரட்டரி, எதிர்வீட்டுக்காரர். "மேடம், சேஷகிரி பேசறேன். உங்க நாய் பின்னாடி தோப்புல நின்னு உயிர வாங்குது. எங்க வீட்ல பிரஷர் பேஷண்ட் இருக்காங்க. சொல்ப, கொஞ்சம் பாத்துக்கோங்கம்மா."

"சாரி சார். இப்பவே கூப்பிட்டுடறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு நின்றாள். மேளம் நிற்கவில்லை. அந்தத் தாளின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு நொடி தோன்றியது.

"நாயக் கூப்பிடு" என்றாள் அனுஷா.

அனுஷா ஒருநாளும் அவனை நாய் என்று சொன்னதில்லை. தமயந்தி திரும்பி அவளைப் பார்த்தாள். ஆனாலும் பழகின கை ஆணியிலிருந்து விசிலை எடுத்தது. ஜன்னலைத் திறந்து மூன்று தடவை ஊதினாள். மேளம் பாதியில் அறுந்தது.

அப்படியோர் அமைதியை அவள் கேட்டதே இல்லை.

விசிலைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, ஈரக் கவுனைக் கழற்றினாள். தோளைத் துடைக்கும்போது துண்டு நின்றது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் போட்ட காசநோய் ஊசித் தழும்பு. இடது கையில் குத்தினார்கள். அவள்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தழும்பு இப்போது வலது தோளில் இருந்தது.

தலையைப் பார்த்தாள். காலையில் இடப்பக்கம் வகிடு எடுத்துச் சீவியிருந்தாள். வகிடு வலப்பக்கம் இருந்தது.

பின்கதவில் தம்பூர் வந்து நின்றான். வயிறெல்லாம் சேறும் நாயுருவியும். வாயில் எதையோ கவ்வியிருந்தான். மிதியடிமேல் மெதுவாக வைத்துவிட்டு அவளைப் பார்த்து முனகினான். ஒரு கறுப்பு ஸ்கூல் ஷூ. இடது கால். உள்ளே அவள் கையெழுத்தில், நீல மையில், 'அனு'.

நாற்காலியில் இருந்ததன் காலைப் பார்த்தாள். இரண்டு காலிலும் ஷூ இருந்தது.

"போகாதம்மா" என்றது அது.

தமயந்தி தூறலில் வெறுங்காலோடு ஓடினாள். தம்பூர் முன்னால் ஓடினான். முள் குத்தியது தெரியவில்லை. விசில் ஊதிப் பத்து நிமிஷம் இருக்குமா, கால் மணி இருக்குமா. நான் ஊதினேன், அவன் கூப்பிட்டான், நான் ஊதி நிறுத்தினேன். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு ஓடினாள். கேட்டில் அம்மாவைக் காணாமல், அம்மாவும் தம்புவும் தோப்பில் இருப்பார்கள் என்றுதானே பிள்ளை போயிருக்கும். வேறு எங்கே போகும்.

கிணற்று விளிம்பில் நின்று தம்பூர் மறுபடி மேளம் அடித்தான்.

அடியில், பக்கச் சுவரில் நீட்டியிருந்த கடைசிக் கல்படியில், பழைய மோட்டார்க் குழாயைக் கட்டிக்கொண்டு அனுஷா நின்றிருந்தாள். இடுப்புவரை தண்ணீர். அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. தூறலில் கேட்கவில்லைபோலும் என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கல்லாகப் பிடித்து இறங்கினாள். குழந்தையைத் தூக்கக் குனிந்தபோது தண்ணீரில் தன் முகம் தெரிந்தது.

அவள் குனிந்தாள். அது குனியவில்லை.

பார்க்காதே என்று தனக்கே சொல்லிக்கொண்டு பிள்ளையை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பாதியில் தாங்காமல் திரும்பிப் பார்த்தாள். தண்ணீரில் வானம் தெரிந்தது, மரம் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் தெரியவில்லை.

மேலே வந்ததும் தம்பூர் அனுஷாவின் வெறும் இடது காலை முகர்ந்தான். வலது ஷூவை முகர்ந்தான். முழங்காலை நக்கினான். வால் அப்படி ஆடியது. தமயந்திக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. என் பிள்ளைதான், என் பிள்ளை கிடைத்துவிட்டது. "ஒண்ணுமில்லடா கண்ணு, அம்மா வந்துட்டேன்" என்றாள்.

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

தொண்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கத்தக் கத்த, தூறல் இலையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கழுத்தில் முகம் புதைத்து அனுஷா விம்முவது உடம்பில் தெரிந்தது. காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவள் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதாரில், தலையில் நீர் சொட்ட ஒருத்தி இருந்தாள். வகிடு மறுபக்கம். இடுப்பில் அந்தக் குழந்தை. போனில் பேசிக்கொண்டிருந்தாள். தமயந்தியின் குரல். "ஒண்ணுமில்லங்க. பாப்பா நனைஞ்சு வந்துட்டா. நான் இங்கதான இருக்கேன்."

கண்ணாடியை அறைந்தாள். அறைந்தது கேட்கவில்லை.

சேஷகிரி குடை பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். தமயந்தி ஓடி அவர் கையைப் பிடித்தாள். மேலே நீர் தெறித்ததுபோல அவர் கையைத் துடைத்துக்கொண்டு பெல் அடித்தார். கதவு திறந்தது.

"நாய இன்னும் உள்ள கூப்பிடலையா மேடம்?"

"சாரி சார். இனிமே கத்த மாட்டான்."

அப்போது தம்பூர் தமயந்தியின் காலோடு ஒட்டி நின்றான். தலையைத் தூக்கினான். மூன்றாவது குரல். கிடைத்துவிட்டது, இங்கே, வா, வா. தொண்டை கிழிய அடித்தான். சேஷகிரி திரும்பினார். நாயைப் பார்த்தார், நாய் ஒட்டி நிற்கிற வெற்றிடத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"யாரு அங்க?" என்று ஒரு படி இறங்கினார்.

இன்னும் அடிடா. சாமி, இன்னும் கொஞ்சம் அடி.

கதவுக்குள் நின்றவள் விசிலை வாயில் வைத்தாள். மூன்று தடவை.

மேளம் நின்றது. தம்பூர் தமயந்தியை அண்ணாந்து பார்த்தான். கால் நான்கும் நடுங்கின. ஈரல் கொடுத்துக் கொடுத்து இரண்டு மாதம் அவளே பழக்கினது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனான். சேஷகிரி குடையை உதறிக்கொண்டு கிளம்பினார். கதவு மூடியது.

ஜன்னலுக்கு ஓடினாள். உள்ளே இருந்தவளும் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். இடுப்பிலிருந்த குழந்தையை மெல்லக் கீழே இறக்கிவிட்டாள்.

தமயந்தியின் கைகள் தானாகத் தளர்ந்தன. இறுக்கப் பார்த்தாள். விரல்கள் கேட்கவில்லை. அனுஷா அவள் மேலிருந்து வழுக்கி இறங்கி, ஒற்றை ஷூவோடு சேற்றில் நின்று, வாய் திறந்து அழுதபடி அவளை அண்ணாந்து பார்த்தாள்.

உள்ளே இருந்தவள் சிரித்தாள்.

தமயந்தியின் உதடுகள் விரிந்தன.