மூன்று எஸ்டிமேட்டும் ஒரு வாளி மண்ணும்

"இதுல யாருக்கு வேலையைக் கொடுக்கலாம்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும், அக்கா," என்று வந்தவள் மூன்று காகிதங்களை மேசைமேல் வைத்தாள்.

அந்த அக்கா காலமெல்லாம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் இடிந்த சுவர்களையும் நோண்டிப் பார்த்து, எது விபத்து, எது வேண்டுமென்றே செய்தது என்று பிரித்துச் சொன்னவள். பக்கத்து நாற்காலியில் அவள் கணவர், வணிகவியல் பேராசிரியர். இருவரும் ஓய்வு பெற்றாயிற்று. பேராசிரியரின் வாய் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

"ஒப்பீட்டு அட்டவணை ஒண்ணு போட்டா தெரிஞ்சிடும்," என்று அவர் ஸ்கேலைத் தேடினார்.

வந்தவளின் கணவன் போன மாதம் செத்துப்போனான். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் தகரக் கால்வாயைச் சுத்தம் செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. அவள் வேலைக்குப் போயிருந்த நேரம். பார்த்தவர் அவனுடைய அண்ணன் ஒருவர்தான். குடியிருப்போர் சங்கம் முதல் நடைப்பயிற்சிச் சங்கம் வரை எல்லாவற்றுக்கும் தலைவர் என்பதால், அவருக்குப் பெயரே தலைவர். போலீஸ்காரர்கள் அவர் சொன்னதை நின்றபடியே எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"அன்னைக்குக் காலையில நான்தான் கத்தினேன், அக்கா. தகரம் அடைச்சு சுவரெல்லாம் ஊறுது, வீட்டுல ஆம்பளன்னு ஒருத்தர் இருந்து என்ன பிரயோஜனம்னு." அவள் கைப்பையின் வாரை முறுக்கினாள். "நான் சொல்லித்தானே ஏறினாரு."

பேராசிரியருக்கு ஸ்கேல் கிடைத்திருந்தது. அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"தகரத்தை மாத்தணும்னு சொன்னது யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"நான்தான். அதை நிமிர்ந்து பார்க்க முடியல. நானே ரெண்டு பேரைக் கூப்பிட்டு எஸ்டிமேட் வாங்கினேன். மாமா, அதான் அவரோட அண்ணன், முதல்ல வீண் செலவுன்னாரு. ரெண்டையும் வாங்கிப் படிச்சாரு. மறுநாளே மூணாவது ஆளை அவரே கூட்டிட்டு வந்துட்டாரு. இவருக்குத்தான் கொடுக்கணும், பாதி நீ போடு பாதி நான் போடறேன்னு ஒரே பிடிவாதம்."

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "முதல் ரெண்டையும் கூட்டினாலும் மூணாவது அளவு வரல. இவன் தகரம் போடறானா, தங்கம் போடறானா?"

"மாமாவுக்குத் தாராளக் கையா?" என்று அக்கா கேட்டாள்.

"டீக்கடையிலேருந்து சர்க்கரைப் பொட்டலத்தைப் பையில போட்டுட்டு வர்றவரு."

அக்கா விலைகளைப் பார்க்கவில்லை. கீழே இருந்த குறிப்புகளைப் படித்தாள். 'பின்பக்கம் முழுக்கப் புல் மண்டியுள்ளது, அகற்றத் தனிக் கூலி' என்றது முதலாவது. 'பின்பக்கக் குழாய் வாயில் கன்று வேரோடியுள்ளது, வெட்டி எடுக்க வேண்டும்' என்றது இரண்டாவது. மூன்றாவதில் புல்லும் இல்லை, கன்றும் இல்லை. 'பழைய தகரம் நாளைக் காலையே கழற்றி எடுத்துச் செல்லப்படும்' என்று மட்டும் இருந்தது.

"மத்த ரெண்டு பேரும் எப்ப வர்றாங்களாம்?"

"அடுத்த மாசம்தான் ஆகும்னாங்க."

"கிளம்புங்க," என்றாள் அக்கா. "இன்னைக்கே பார்த்துடணும்."

வழியில் இன்னொன்றும் தெரிந்தது. வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. விற்றுவிடலாம் என்பது அண்ணன் கட்சி. மாட்டேன் என்பது தம்பி கட்சி.

பின்புறப் படிக்கட்டில் பூந்தொட்டிகள் வரிசையாக இருந்தன. கடைசிப் படியில் தொட்டி இல்லை. தொட்டி இருந்த வட்டத் தடம் மட்டும் இருந்தது. சுவரோரம் ஏணி, பக்கத்தில் பாதி மண்ணோடு ஒரு வாளி.

"கடைசியா அவர் கையால அள்ளினது. கொட்ட மனசு வரல," என்றாள் அவள்.

அக்கா குந்தி உட்கார்ந்து குச்சியால் மண்ணைக் கிளறினாள். "என்னங்க, மேல ஏறிப் பாருங்க."

"நானா?"

"அட்டவணை போடறவர் சரக்கைப் பார்க்க வேண்டாமா?"

பேராசிரியர் ஏணியின் உச்சிப்படியை எட்டியபோது தலைவர் வந்து சேர்ந்தார்.

"யாரது மேல? என் தம்பி உயிர்விட்ட இடம் அது! இந்தக் கண்ணால பார்த்தேன். குழாய்ப் பக்கத்துலேருந்து ஏணி வரைக்கும் பிடி பிடியா அள்ளி வாளியில போட்டான். கடமையே கண்ணா இருந்தான். இரங்கல் கூட்டத்துல இதை நான் சொன்னப்ப அழாதவங்க கிடையாது."

"என்னங்க, மேல என்ன தெரியுது?"

பேராசிரியர் பார்த்தார். குழாயிலிருந்து ஏணி வரை, ஏணியிலிருந்து மறுகோடி வரை, பாய் விரித்த மாதிரி புல். குழாய் வாயில் விரல் தடிமனுக்கு ஒரு கன்று.

"ஒரு பிடிகூட யாரும் அள்ளல," என்றார். வாழ்நாளில் அவர் இவ்வளவு சுருக்கமாகப் பேசியதில்லை.

"மழைக்கு மறுபடி முளைச்சிருக்கும்," என்றார் தலைவர்.

"புல்லு சரி. அந்தக் கன்னுமா ஒரே மாசத்துல இந்தத் தடிமனுக்கு வந்துச்சு?" அக்கா குச்சியைத் தூக்கிக் காட்டினாள். "இந்த மண்ணுல டீத்தூள் கிடக்கு. முட்டை ஓடும் கிடக்கு. கூரைமேல யாரும் டீ குடிக்கறாங்களா?"

"அது நான் ரோஜாத் தொட்டிக்குப் போடறது," என்றாள் தம்பி மனைவி. அவள் பார்வை கடைசிப் படிக்குப் போனது. "பூனை தள்ளி உடைச்சிடுச்சுன்னீங்களே, மாமா."

தலைவர் தொண்டையைச் செருமினார். "நான் யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அதைத்தான் சொல்ல வந்தேன்." அக்காவின் குரல் உயரவில்லை. "வீட்டை விக்கற பேச்சு முத்திப்போச்சு. கைக்குக் கிடைச்சது தொட்டி. தம்பி விழுந்துட்டாரு. உடைஞ்ச ஓட்டைத் தூர எறிஞ்சிடலாம். தரை முழுக்கக் கிடந்த மண்ணை என்ன பண்றது? வாளியில அள்ளினீங்க. வாளியைப் பார்த்ததும் கதை தானா வந்துச்சு. ஏணியைச் சாத்தினீங்க. மேல ஏறிப் பார்க்கத்தான் உடம்பு வணங்கல. எஸ்டிமேட் போட வந்தவங்க ஏறிப் பார்த்தாங்க. அவங்க எழுதினதைப் படிச்ச அப்புறம்தான் தகரத்தைக் கழற்ற உங்களுக்கு அவசரம் வந்துச்சு."

மைக் இல்லாத தலைவரின் குரல் எத்தனை சிறியது என்று அன்றுதான் தெரிந்தது. "சாகணும்னு அடிக்கல," என்றார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து போலீசுக்குப் போன் செய்தார். முகவரியைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

அக்கா அவள் தோளில் கை வைத்தாள். "உன் வீட்டுக்காரர் ஏணியிலயே ஏறலம்மா. நீ கத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் தலை நிமிர்ந்து அந்தப் புல்லையே வெகுநேரம் பார்த்தாள். சிரிப்பு போல ஒன்று கிளம்பி, பாதியில் வேறாகிப்போனது.

"அன்னைக்கும் நான் சொன்னதைச் செய்யலையா, பாவி மனுஷா," என்றாள்.