கப்பலின் இடது கை

ஜெரினாவின் வீட்டில் மூன்று மாதமாக ஒரு கப்பல் நின்றுகொண்டிருந்தது.

கப்பலே நிற்கிறது என்றால் வீடு பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ராயபுரத்தில், கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே ஓர் அறை. அதற்கு முன்னால் நீளமாக ஒரு நடை. அந்த நடையை ஐந்தடி நீளத்துக்கு மரக் கப்பல் அடைத்துக்கொண்டிருந்தது. கப்பலின் பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும். மூக்கு வாசலைப் பார்த்திருக்கும். யார் உள்ளே வந்தாலும் முதலில் அந்த மூக்கில் இடித்துக்கொள்ள வேண்டும். தபால்காரர் மட்டும் இரண்டு தடவை இடித்துக்கொண்டார்.

கப்பலைச் செய்தவர் ஜெரினாவின் அப்பா சௌக்கத் அலி. அவளுக்கு அவர் அத்தா. துறைமுகத்தில் சரக்குப் படகுகளைப் பழுது பார்க்கும் தச்சர். அவரிடம் கப்பல் கேட்டவர் குமாரவேல் சாரங்கு. சாரங்கு என்றால் கப்பலில் மாலுமிகளை வேலை வாங்குகிற மேஸ்திரி. முப்பது வருடம் கடலில் சுற்றிவிட்டு வந்து, கடற்கரைப் பக்கம் ஒரு பழைய கிடங்கில் சின்னப் பள்ளிக்கூடம் ஆரம்பித்திருந்தார். கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் இளைஞர்கள் அங்கே படிக்க வந்தார்கள்.

சாரங்குக்குக் கடல் தெரியும், காற்றுத் தெரியும். படம் போட மட்டும் தெரியாது. கரும்பலகையில் அவர் வரைந்த கப்பலைப் பார்த்து, அது முருங்கைக்காயா என்று ஒரு மாணவன் கேட்டுவிட்டான். மரத்தில் ஒரு கப்பல் செய்து வைத்துப் பாடம் நடத்துவது என்று அன்றைக்கே முடிவு செய்தார். பம்பாயிலிருந்து வரவழைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். சாரங்கு கேட்கவில்லை.

“நம்ம சௌக்கத் இங்க கீறப்போ பம்பாய் எதுக்கு?” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காக அத்தா மூன்று மாதம் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டார். சுக்கானைத் திருப்பினால் திரும்பியது. பாய்மரத்துக் கயிறுகளை இழுத்தால் பாய் ஏறி இறங்கியது. நங்கூரத்துக்குச் சங்கிலி வேண்டியிருந்தபோது, அம்மா ரஹீமுன்னிசா அறுந்துபோன தன் கொலுசை எடுத்துக் கொடுத்தாள். கப்பலின் இரண்டு பக்கமும் வைக்கிற குட்டி விளக்குகளுக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. ஜெரினா தன்னுடைய உடைந்த வளையல்களைக் கொடுத்தாள்.

எதிர்வீட்டு வெள்ளத்துரை தினமும் வந்து எட்டிப் பார்ப்பார். “படகுக்கு ஆணி அடிக்கிறவரு கப்பல் செய்யறாரு. பாக்கலாம், பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் கெட்டவர் இல்லை. அடுத்தவர் வேலையில் ஒரு குறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான்.

அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. சாரங்கு எழுதிக் கொடுத்த தாளை ஐந்தாம் வகுப்பு ஜெரினாதான் வாசித்துக் காட்டுவாள். விளக்கு வைக்கிற நாளன்று, கப்பலின் மூக்குக்கு எதிரே அத்தா உட்கார்ந்திருக்க, அவர் பக்கத்தில் நின்று வாசித்தாள்: “இடப்பக்கம் சிவப்பு. வலப்பக்கம் பச்சை. இருட்டில் நாம் எந்தப் பக்கம் போகிறோம் என்று மற்றக் கப்பல்களுக்குச் சொல்வது இந்த விளக்குகளே. மாறினால் கப்பல்கள் மோதிக்கொள்ளும்.”

அத்தா தன் இடது கைப் பக்கம் சிவப்பு விளக்கையும், வலது கைப் பக்கம் பச்சை விளக்கையும் வைத்துத் திருகாணியால் முடுக்கினார்.

ஜெரினாவுக்கு அந்த வரிகள் ரொம்பப் பிடித்துப்போயின. அதற்குக் காரணம் இருந்தது. பள்ளியில் டிரில் நடக்கும்போது எல்லாரும் இடது பக்கம் திரும்பினால் இவள் மட்டும் வலது பக்கம் திரும்பி, பக்கத்துப் பெண்ணோடு முட்டிக்கொண்டு நிற்பாள். அன்று சாயங்காலமே இடது கையில் சிவப்பு வளையலும் வலது கையில் பச்சை வளையலும் போட்டுக்கொண்டாள். டிரில் சரியாகிவிட்டது.

“இன்னாடி இது, கைக்கு ஒரு கலரு?” என்றாள் அம்மா.

“நான் கப்பலும்மா” என்றாள் ஜெரினா.

கப்பலைக் கொண்டுபோகும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அத்தா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டார். நான்கு பேர் கப்பலைத் தூக்கி, மூக்கு முன்னால் இருக்கும்படி கைவண்டியில் ஏற்றினார்கள். வண்டியைத் தள்ளியவன் கருணாகரன். மீனவக் குடும்பத்துப் பையன், ஜெரினாவின் தோழி நீலாவுக்கு அண்ணன். சாரங்கின் பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

வண்டி நகர்ந்ததும் தெருவே பின்னால் கிளம்பிவிட்டது. நீலாவின் அம்மா பவுனம்மாள் மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளத்துரை அத்தாவை ஒட்டியபடி, சக்கரம் சரியில்லை, ரோடு சரியில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அத்தா எதையும் காதில் வாங்கவில்லை. அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ஜெரினா பார்த்ததே இல்லை.

ஜெரினாவும் நீலாவும் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள். ஜெரினா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, இன்னொரு கப்பலாகப் போனாள். அப்போதுதான் கவனித்தாள்.

அவளுடைய சிவப்பு வளையல் இருந்த பக்கத்தில், கப்பலில் பச்சை விளக்கு இருந்தது.

வளையலைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோம் என்று முதலில் நினைத்தாள். இல்லை, எழுதுகிற கை வலது கை, அதில் பச்சைதான் இருந்தது. வீட்டில் பார்க்கும்போதெல்லாம் சரியாகத்தானே இருந்தது? சட்டென்று நின்றாள்.

“நீலா, எனக்கு எதுர்ல நில்லு. இடது கையைத் தூக்கு.”

நீலா எதிரே வந்து நின்று, இடது கையைத் தூக்கினாள். அது ஜெரினாவின் வலது கைப் பக்கம் இருந்தது.

ஜெரினாவுக்குப் புரிந்துவிட்டது. கப்பலுக்கும் இடது கை உண்டு. அது கப்பல் போகிற திசையைப் பார்த்து நிற்பவரின் இடது கை. அத்தாவோ கப்பலுக்கு எதிரே உட்கார்ந்து, தன் இடது கைப் பக்கம் சிவப்பை வைத்துவிட்டார். மூன்று மாதத்தில் ஒருவர்கூடக் கப்பலுக்குப் பின்னால் போய் நின்றதில்லை. பின்னால் சுவர் இருந்தது.

சொல்லாமல் விட்டால் என்ன? தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சாரங்கு ஒருவேளை பார்க்காமலும் போகலாம். ஆனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற கருணாகரன் நாளைக்கு இந்தக் கப்பலைப் பார்த்துத்தான் படிப்பான். ஒரு நாள் நடுக்கடலில், இருட்டில், நிஜக் கப்பலில் நிற்பான். அதை நினைத்ததும் சொல்லியே ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சத்தமாகச் சொல்ல மட்டும் மனசு வரவில்லை. வெள்ளத்துரையின் காதில் விழுந்தால் தெரு முழுக்கச் சிரிக்கும். அத்தாவின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

நல்லவேளை, ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து கூட்ஸ் வண்டி ஒன்று புகை விட்டுக்கொண்டு மெதுவாக வந்துகொண்டிருந்தது. ராயபுரத்துக் கூட்ஸ் வண்டி சீக்கிரத்தில் முடிகிற விஷயம் இல்லை.

ஜெரினா நீலாவின் காதில் ஏதோ சொன்னாள். நீலா உடனே கேட் பக்கம் ஓடிப்போய், பெட்டிகளை யார் சரியாக எண்ணுகிறார்கள் பார்க்கலாம் என்று குரல் கொடுத்தாள். பிள்ளைகள் எண்ண ஆரம்பித்தார்கள். நீலா வேண்டுமென்றே ஐந்துக்குப் பிறகு ஏழு என்றாள். வெள்ளத்துரைக்கு அது போதுமே! “ஆறு எங்க போச்சு?” என்று அவரும் கேட்டுக்கு ஓடினார். வண்டியை நிறுத்திவிட்டுக் கருணாகரனும், மற்றப் பெரியவர்களும் பின்னாலேயே போனார்கள். அத்தாவும், கூடையோடு பவுனம்மாளும் மட்டும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

“அத்தா, கொஞ்சம் பின்னால வாங்க” என்றாள் ஜெரினா.

கப்பலுக்குப் பின்னால் நின்று, இரண்டு வளையல் கைகளையும் நீட்டிக் காட்டினாள். அத்தா வளையலைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மறுபடியும் வளையலைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே வடிந்துபோனது.

“நான்தான் சரியா படிச்சுக் காட்டலை அத்தா. கப்பலோட இடதுன்னு சொல்லியிருக்கணும்.”

அத்தா அவள் தலையில் கை வைத்தார். “நீ படிச்சது சரிதாம்மா. நான் ஒக்காந்த எடம்தான் தப்பு.”

“கேட்டு தொறக்கறதுக்குள்ள மாத்திடலாம் அத்தா. ரெண்டும் ஒரே சைஸுதானே?”

மாற்றலாம்தான். ஆனால் வெள்ளைச் சட்டைக்காரர் திருகாணி கழற்றும் திருப்புளியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். ஜெரினா சுற்றிலும் பார்த்தாள். பவுனம்மாளின் கூடையில் மீன் கத்தி இருந்தது.

பவுனம்மாள் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. கத்தியை முந்தானையில் துடைத்துக் கொடுத்துவிட்டு, வண்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். அத்தா கத்தி முனையால் திருகாணிகளைக் கழற்றினார். ஜெரினா விளக்குகளை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். சிவப்பு இந்தப் பக்கம் வந்தது, பச்சை அந்தப் பக்கம் போனது. கடைசித் திருகாணியை அவர் முடுக்கும்போது, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டியும் கேட்டைக் கடந்து போனது.

நாற்பத்திரண்டு பெட்டியா, நாற்பத்து மூன்று பெட்டியா என்று வெள்ளத்துரையும் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் வரை சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள்.

கிடங்கில் சுவர் ஓரமாக ஒரு நீள மேஜை போட்டிருந்தார்கள். அதன் மேல் மூக்கு வெளியே பார்க்கும்படி கப்பலை ஏற்றி வைத்தார்கள். சாரங்கு சுக்கானைத் திருப்பினார், கயிற்றை இழுத்தார், கொலுசுச் சங்கிலியைத் தடவிப் பார்த்தார். குனிந்து மோந்தும் பார்த்தார்.

“கடல் வாசனைகூட வருதே சௌக்கத்து” என்றார் ஆச்சரியமாக. பவுனம்மாள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் சாரங்கு தன் மாணவர்களைக் கூப்பிட்டார். முதலில் கிடைத்தவன் கருணாகரன். கப்பலின் இடப்பக்கம் என்ன விளக்கு இருக்கிறது என்று கேட்டார்.

கருணாகரன் கப்பலுக்கு எதிரே நின்று நன்றாகப் பார்த்தான். “பச்சை” என்றான்.

மற்ற மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெள்ளத்துரை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கருணாகரனின் முகம் சுருங்கிவிட்டது. எது தப்பு என்றே அவனுக்குப் புரியவில்லை. தன் கண் முன்னால் இடப்பக்கம் பச்சைதானே இருந்தது?

அப்போது அத்தா முன்னால் வந்தார். ஜெரினா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் நிற்கவில்லை.

“யாரும் சிரிக்காதீங்க. இவன் நிக்கிற எடத்துல ஒக்காந்துதான் நானும் வெளக்கை மாத்தி வெச்சேன். நான் செஞ்ச கப்பல் இன்னிக்குத் தப்பாத்தான் வூட்டை விட்டுக் கெளம்பிச்சு. நடு ரோட்டுல கண்டுபுடிச்சது எம் பொண்ணு. ரயில்வே கேட்டுல நின்னு சரி பண்ணோம்.”

வெள்ளத்துரையின் வாய் திறந்தபடியே இருந்தது.

“அதுக்குத்தான் என்னைப் பொட்டி எண்ண வுட்டீங்களா?” என்றார் அவர்.

இந்தத் தடவை எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள், கருணாகரனும்தான். கொஞ்சம் யோசித்துவிட்டு வெள்ளத்துரையும் சிரித்தார்.

சாரங்கு சிரிக்கவில்லை. கப்பலையும் அது ஒட்டி நின்ற சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “மேஜையைப் புடிங்கடா” என்றார். மாணவர்கள் மேஜையைத் தூக்கிக் கொண்டுவந்து, கிடங்கின் நட்டநடுவில் வைத்தார்கள். இனி யார் கப்பலைப் பார்க்க வந்தாலும், முதலில் பின்னால் போய் நின்றுவிட்டு அப்புறம்தான் மற்றப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சாரங்கு சட்டம் போட்டார். முதல் ஆளாகக் கருணாகரன் பின்னால் போய் நின்றான்.

“செவப்பு!” என்றான், கப்பலே தன்னுடையது மாதிரி.

எல்லாரும் கிளம்பும்போது அவன் ஜெரினாவிடம் வந்து, ஒரு சிவப்பு வளையல் கிடைக்குமா என்று ரகசியமாகக் கேட்டான். துடுப்புப் பிடித்துப் பிடித்துத் தடித்த கை அது. வளையல் அவன் விரல் முட்டியைக்கூடத் தாண்டவில்லை. ஜெரினா தன் பின்னலில் இருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, அவன் இடது மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

திரும்பும் வழியில் ஜெரினா தயங்கித் தயங்கி நடந்தாள். “எல்லாருக்கும் முன்னால எதுக்கு அத்தா சொன்னீங்க? யாருக்கும் தெரியாம மாத்திட்டோமே.”

“எனக்குத் தெரியுமே” என்றார் அத்தா. “அந்தப் பையன் தனியா நின்னுகினு இருந்தாம்மா. பாக்க முடியலை.”

ஜெரினா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்து முனை வந்ததும் கையை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் கப்பலாக மாறி முன்னால் ஓடினாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து, பக்கத்தில் வரும்படி அத்தாவைக் கூப்பிட்டாள்.

“நீ முன்னால போம்மா” என்றார் அத்தா. “நான் பின்னாலயே வர்றேன். அங்கருந்து பாத்தாத்தான் எல்லாம் சரியாத் தெரியுது.”

வீடு வந்து சேரும்வரை, இடது பக்கம் சிவப்பும் வலது பக்கம் பச்சையும் மின்ன அந்தக் குட்டிக் கப்பல் முன்னே போனது.