மூன்றாவது பெட்டிக்குப் பத்தியம்

மொட்டை மாடியில் மூன்று தேனீப் பெட்டிகள் இருந்தன. இரண்டு அம்மாவுடையவை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த சின்னப் பெட்டி வாலுவுடையது.

வாலு என்பது பள்ளிக்கூடப் பெயர் இல்லைதான். ஆனால் வீட்டில் அப்படிக் கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு வாரம் விடாமல் பெய்த மழை ஓய்ந்திருந்தது. காலையில் மாடிக்குப் போன வாலு அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய பெட்டியின் வாசல் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். சில தேனீக்கள் பறக்கத் தெம்பில்லாமல் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அம்மா! சீக்கிரம் வாயேன்!"

அம்மா குனிந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"வயித்துப்போக்குடி. தொத்திக்கிற நோய். குணமாகலைன்னா மத்த பெட்டிக்கும் பரவிடும். அப்புறம் இந்தக் கூட்டத்தைக் கலைச்சுட வேண்டியதுதான்."

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அம்மா அலமாரியைக் குடைந்து ஒரு பழைய மருந்துப் பொடியை எடுத்தார். "இதைச் சர்க்கரைப் பாகுல கலந்து வெச்சுப் பார்க்கலாம்."

"வேண்டாம்மா! போன மாசம் தொண்டை வலிக்கு மாத்திரை குடுத்தியே, என் வயிறு என்ன பாடு பட்டுச்சு? அது நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடும்னு டாக்டர் சொன்னாரு இல்ல? தேனீக்கும் அப்படி ஆனா?"

அம்மா யோசித்தார். "சரி, உன் சித்தியைக் கேட்டுட்டுப் போடலாம்."

சித்திக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. தேனீக்களின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அந்த வேலை. வந்து பார்த்து, செத்துக் கிடந்த தேனீக்கள் சிலவற்றைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனவர், சாயங்காலம் திரும்பி வந்தார்.

"நல்லவேளைக்கா, மருந்து போடலை. அது இந்த நோய்க்குக் கேட்காது. தேனீ வயித்துல நல்ல கிருமிங்க குடித்தனம் நடத்துது. மகரந்தத்தைச் செரிக்க வைக்கிறதும் அதுதான், நோய்க்கிருமியை அண்ட விடாம பார்த்துக்கிறதும் அதுதான். மருந்து அதை வாரிக்கிட்டுப் போயிருக்கும்."

"அப்புறம் ஏன் சித்தி நோய் வந்துச்சு?"

"வயித்துல மகரந்தம் துளிகூட இல்லை. வெறும் சர்க்கரைத் தண்ணி. அதை மட்டும் குடிச்சா நல்ல கிருமி எப்படித் தழைக்கும்? பாகு யாரு வெச்சது?"

"மழையில பூ கிடைக்காதேன்னு ஒரு கிண்ணம்தான் வெச்சேன்," என்றார் அம்மா.

வாலு கால் கட்டைவிரலால் தரையைக் கீறினாள்.

"நானும் வெச்சேன். காலைல. அப்புறம் ஸ்கூல் விட்டு வந்து. அப்புறம் சாயங்காலமும். குட்டிக் கூட்டமாச்சே, பாவம்னு... கிண்ணத்தைப் பார்த்ததும் ஓடி வரும் சித்தி. அவ்வளவு ஆசையா குடிக்கும்!"

கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கோபப்படத்தான் அம்மா நினைத்தார். வரவில்லை. அவளை இழுத்து மடியில் உட்கார்த்திக்கொண்டார்.

"உனக்கு ஜுரம் வந்தப்போ நான் சாக்லேட் தரலை. 'உனக்கு என்மேல பாசமே இல்லை'ன்னு என்ன ஆட்டம் ஆடினே!"

"அது வேற..." என்று ஆரம்பித்த வாலு பாதியில் நிறுத்திக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ இதுங்களுக்கும் பத்தியம் வைக்கலாம்மா. பாகு கிடையாது. உன் பெரிய பெட்டியில மகரந்தம் ரொம்பின அடைச் சட்டம் இருக்கு இல்ல? அதுல ஒண்ணு குடேன்."

"என் பெட்டிக்காரங்க சம்பாத்தியத்தை உன் பெட்டிக்குத் தூக்கிக் குடுக்கணுமா?"

"சொந்தக்காரங்கதானேம்மா!"

சித்தி சிரித்துவிட்டார். "குடுங்கக்கா. சட்டத்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற இளம் தேனீங்களையும் உதறாதீங்க. நல்ல கிருமி ஒண்ணுகிட்டேர்ந்து ஒண்ணுக்குப் போகும். பாகுதான் உள்ளே நிறையச் சேர்த்து வெச்சிருக்கு, பட்டினி கிடக்காது. ஆனா பிழைக்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. பார்ப்போம்."

பத்தியம் தேனீக்களைவிட வாலுவுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. கிண்ணம் வைத்த இடத்தையே சில தேனீக்கள் சுற்றிச் சுற்றி வந்தன. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இல்லடா கண்ணுங்களா. பாசம் இல்லாம இல்ல. வயிறு சரியாகட்டும்."

வெயில் வந்தது. பின்பக்கத்துக் காலி மனையில் களைச்செடிகள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தன. பெட்டி வாசலைத் துடைத்து வைத்தார்கள். புதிய புள்ளி ஒன்றும் விழவில்லை.

ஒருநாள் அவள் சட்டைக்கையில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. அதன் பின்னங்கால்களில் இரண்டு மஞ்சள் உருண்டைகள்! மகரந்தம்! கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, நேராக மூன்றாவது பெட்டிக்குள் நுழைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. இன்னும் ஒன்று.

"அம்மா! இனிமே கலைக்க மாட்டே இல்ல?"

"மாட்டேன்டி, மாட்டேன்." அம்மா அப்புறம்தான் சட்டையைப் பார்த்தார். "ஐயோ, கையெல்லாம் மஞ்சள் பொடி. கழட்டு, துவைக்கணும்."

"தொடாதே! என் பெட்டிக்காரங்க சம்பாத்தியம்!"

மறுநாளும் அவள் அதே சட்டையோடுதான் மாடிக்குப் போனாள்.