பேசியவர் 3

ஆறரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீரைக் கொதிக்க வைத்து டீ போட்டான். இரவு ஊறப்போட்டிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். வாசல் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். ஏழு ஐந்துக்கு லேப்டாப்பைத் திறந்து நேற்றைய மீட்டிங் குறிப்பைப் படித்தான். எட்டு மாதமாகக் காலை இப்படித்தான் போகிறது. ஒன்றும் கூடுவதில்லை, ஒன்றும் குறைவதில்லை.

இப்போது குறிப்பை எழுதுவது ஆள் இல்லை. போன வாரம் அலுவலகத்தில் போட்ட புது டூல். மீட்டிங்கை ஒட்டுக்கேட்டு, யார் என்ன சொன்னார், எந்த வேலை யார் தலையில் விழுந்தது என்று எழுதிவைத்துவிடும். பேசியவர் மைக்கிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தார் என்பதைக்கூட ஓரத்தில் சின்ன எழுத்தில் காட்டும். அது எதற்கு என்று யாருக்கும் தெரியாது. செய்ய முடிந்தது, செய்துவிட்டார்கள்.

நேற்று சாயங்காலம் அவன் வீட்டிலிருந்தும் நண்பன் தாடி அலுவலகத்திலிருந்தும் இருபது நிமிடம் பேசியிருந்தார்கள். இரண்டே பேர். குறிப்பின் முதல் வரியில் தாடி இருந்தான். இரண்டாவது வரியில் அவன். கீழே இன்னொரு வரி இருந்தது.

பேசியவர் 3. தெளிவாக இல்லை. உங்கள் மைக். தூரம் 0.9 மீட்டர்.

அவன் இடப்பக்கம் பார்த்தான். சுவர். வலப்பக்கம் பார்த்தான். ஒரு மீட்டருக்குள் இருந்தவை குப்பைக்கூடையும் ஒரு காலி நாற்காலியும்தான். லேப்டாப்பை மூடிவிட்டு டீயை எடுத்தான். ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்தான்.

"அது உன் மனசாட்சிடா," என்றான் தாடி, அலுவலகத்தில் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டு. கல்லூரியிலிருந்தே கூட வருகிறவன், இப்போது பக்கத்து இருக்கை. தாடியை எடுத்து மூன்று வருடமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.

"மனசாட்சி மைக்கில எல்லாம் பேசுமா?" என்றாள் எதிரில் உட்கார்ந்து சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டர்.

"இவனோடது பேசும். இல்லன்னா பக்கத்து வீட்டு டிவி. இந்த வெர்ஷன் அரைச்செவிடும்மா. இன்னைக்கு வரப்போறதுக்குத்தான் பாம்புக் காது."

மேனேஜர் கையில் காபியோடு வந்து மேசை ஓரத்தில் சாய்ந்துகொண்டார். நல்ல செய்தி கொண்டு வருகிறவரின் நடை. "மதியம் புது வெர்ஷன் வருது. ஃபேன் சத்தம், ஹாரன் சத்தம் எல்லாத்தையும் உரிச்சுப் போட்டுட்டுக் குரலை மட்டும் எடுக்குமாம். முனகினாக்கூட எழுதிடும். அதுக்கும் அடுத்த வெர்ஷன்ல என்ன வேணும்னு கேக்கறாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

"நான் 'முடிஞ்சிடும் சார்'னு சொல்றப்ப அது நெஜமா பொய்யான்னு உங்களுக்குக் காட்டாத டூல்," என்றான் தாடி.

"அதைக் காட்ட டூல் எதுக்கு, உன் மூஞ்சி போதும்," என்றார் மேனேஜர்.

"தப்பைக் காட்டினா 'என் மெஷின்ல ஓடுதே'ன்னு ஆரம்பிக்கிறவங்க வாயைப் பொத்துற டூல்," என்றாள் டெஸ்டர்.

"இப்படியே போனா இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க யாருக்கும் வேலை இருக்காது," என்றார் மேனேஜர்.

"பத்து வருஷமா இதையேதான் சொல்றீங்க சார். வேலைதான் கூடிக்கிட்டே போகுது," என்றான் தாடி.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் உதட்டை அசைத்தான். சிரிப்பின் வேகத்தில் டெஸ்டர் சொல்லிவிட்டாள். "அக்கா முன்னாடி ஒண்ணு கேட்டாங்களே, அதான் டாப்பு. வீட்டுக்காரர் காதுல வாங்காம விட்டதையெல்லாம் எழுதிக் கொடுக்கற டூல்..."

அக்கா என்றது அவன் மனைவியை. இதே வரிசையில் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். சிரிப்பு பாதியில் நின்றது. டெஸ்டர் கீபோர்டைப் பார்த்தாள். "சாரிண்ணா."

"பரவாயில்ல," என்றான்.

மேனேஜர் பேச்சை மாற்றினார். "பழசையும் விடப்போறதில்ல. ரெண்டு வருஷ ரெக்கார்டிங் மொத்தத்தையும் இன்னைக்கே மறுபடி ஓட்டறாங்க. நாலு மணிக்குள்ள எல்லாம் எழுத்துல வந்துடும்."

அவன் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டிலிருந்து வேலை. கம்பெனி சர்வர் முடங்கிப்போய்ப் பன்னிரண்டு பேர் ஒரே மீட்டிங்கில் கத்திக்கொண்டிருந்தார்கள். வெளிச்சத்தம் எதையும் உள்ளே விடாத ஹெட்போன் அவன் காதில். கேள்வி எந்த நொடியும் தன் பக்கம் திரும்பும் என்று மைக்கைத் திறந்தே வைத்திருந்தான். அப்போது அறைக்கதவு திறந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு அசைந்தது. மைக் திறந்திருந்ததால் அவன் வாய் திறக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினான். ஒரு நிமிஷம். இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கும் எல்லா வீட்டிலும் அந்த விரலுக்கு அர்த்தம் தெரியும். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தான்.

நாற்பது நிமிடம் கழித்து எழுந்துபோனபோது சமையலறைத் தரையில் கிடந்தாள்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். "ஏதாவது சொன்னாங்களா? வலி, மயக்கம், அப்படி?" இல்லை என்றான். மாமியார் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா என்று கேட்டார். அம்மாவுக்கு போன் பண்ணணும்னு சொன்னா அத்தை, என்றான். அந்த ஒரு வரியில்தான் அவர் எட்டு மாதமாக உயிரோடு இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில், "என்ன சொன்னா, இன்னொரு தடவை சொல்லுங்க மாப்பிள்ளை," என்பார். அவனும் சொல்வான்.

அவள் உதவி கேட்டிருந்தால், அதற்கு அவன் விரலைக் காட்டியிருந்தால். அதற்கு மேல் அவன் யோசித்ததே இல்லை. அந்த ரெக்கார்டிங்கை ஒருநாளும் திறந்ததும் இல்லை.

"ஒரு ரெக்கார்டிங்கை மட்டும் எடுத்துட முடியுமா?" என்று தாடியிடம் கேட்டான். டூலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தாடியுடையது.

"எந்தத் தேதி?"

சொன்னான். தாடி நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "வரிசையில ஏறிடுச்சுடா. இப்பக் கை வெக்க முடியாது. முடிஞ்சதும் அந்தப் பக்கத்தை உனக்கு மட்டும் தெரியற மாதிரி பூட்டிடறேன். வேற யாரும் பாக்க மாட்டாங்க. நீ வீட்டுக்குப் போ. மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மூன்றரைக்கு வீடு வந்தான். மழை பிடித்துக்கொண்டிருந்தது. பகல்தான், ஆனாலும் ஜன்னலில் இருந்தது அழுக்குத் துணியைப் பிழிந்த தண்ணீரின் நிறத்தில் ஒரு வெளிச்சம். அது மேசைவரை வந்து நின்றுவிட, அறையின் மற்ற பகுதி தன் மூலைகளை ஒவ்வொன்றாக இருட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஈரச் சுவரின் வாசனை. அதனடியில் அவன் பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு வாசனை, எண்ணெய் வைத்த தலையணை உறையில் நாள்பட்டு இருப்பதுபோல. சமையலறைக் குழாய் சொட்டியது. ஃப்ரிட்ஜ் நடுங்கி நின்றது. அது நின்றதும் வீட்டில் இன்னொரு சத்தமும் அதோடு சேர்ந்து நின்றதுபோல் இருந்தது. துணி சுவரில் உரசுகிற மாதிரி ஒன்று.

லேப்டாப்பைத் திறந்து பேசியவர் 3 என்று தேடினான். நேற்றைய மீட்டிங் ஒன்றுதான் வரும் என்று எதிர்பார்த்தான்.

நூற்றுப் பதினேழு வந்தன.

அலுவலகத்திலிருந்து பேசிய ஒன்றும் அதில் இல்லை. எல்லாம் இந்த வீடு, இந்த மேசை, இந்த மைக். எல்லாவற்றிலும் 'தெளிவாக இல்லை' என்றே இன்னும் இருந்தது, எழுத்து வரவில்லை. தூரம் மட்டும் வந்திருந்தது. முதன்முதலாவது அந்தச் செவ்வாய்க்கிழமை. 4.2 மீட்டர். அறைக்கதவு. அடுத்தது பதினோரு நாள் கழித்து, அவள் போன பிறகு அவன் பேசிய முதல் மீட்டிங். 6.8. அதற்கடுத்து 7.1. சமையலறை. அங்கேயே ஒரு மாதம். பிறகு 6.3, கூடத்துச் சுவர். 6.0. மறுபடி 6.4. சுவரை ஒட்டியே போய், குளியலறைப் பக்கம் திரும்பி, மூலையில் மூன்று வாரம் நின்று, மறுபடி வந்த வழியே. போன மாதம்தான் கதவு, 4.2. அதிலிருந்து குறைந்துகொண்டே வந்திருந்தது. 3.5. 2.8. 1.6. நேற்று 0.9.

நேராக வரவில்லை. இந்த வீட்டில் நான்கு வருடம் வாழ்ந்தவளுக்குச் சமையலறையிலிருந்து இந்த மேசைக்குப் பத்து எட்டு போதும். வழி தெரிந்தவள் இப்படி வரமாட்டாள். அதனாலேயே இது அவள் இல்லை என்று ஒரு கணம் நம்பினான். அந்த ஒரு கணம் நிம்மதியாக இருந்தது.

தாடி அழைத்தான். பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மழை போயிற்று. குழாய் போயிற்று. வீடே காதிலிருந்து போயிற்று.

"நாலு நிமிஷத்துல அந்தப் பக்கம் வந்துடும்டா. தனியா படிக்காத. நான் லைன்லயே இருக்கேன்."

"ம்."

"டேய். இப்பவும் மூணு பேர்னு காட்டுது. வீட்டுல யாரு?"

"யாருமில்ல."

"மழையா இருக்கும்." தாடி கொஞ்சம் நிறுத்தினான். "மழைக்கெல்லாம் இது தூரம் போடாதுடா. பாயிண்ட் ஏழு."

அவன் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை.

"பாயிண்ட் ஆறு. டேய், விளையாடாத. யாரு பக்கத்துல?"

மேசை விளிம்பில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. விழுந்த சத்தம் கேட்கவில்லை. காலி டம்ளர் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது. யாரோ தெரியாமல் இடித்து, என்னவென்று தொட்டுப் பார்ப்பதுபோல.

"ஹெட்போனைக் கழட்டு. எந்திரிச்சு வெளிய ஓடி வா. நான் கெளம்பி வர்றேன். கேக்குதா?"

கழற்றவில்லை. கழற்றினால் கேட்கும்.

கீபோர்டின் ஓர விசை ஒன்று அழுந்தியது. எழுந்தது. அதற்கடுத்த விசை. அதற்கடுத்தது. இடமிருந்து வலமாக, அவசரமில்லாமல். திரையில் அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடின. வரிசையின் கடைசியில் அவன் கை இருந்தது. இழுத்துக்கொண்டான்.

விசைகள் நின்றன.

"பாயிண்ட் ரெண்டு," என்றான் தாடி. குரல் அழுகைபோல் இருந்தது. "பாயிண்ட் ஒண்ணு."

ஹெட்போனின் இடப்பக்கப் பஞ்சில் ஏதோ பட்டது. மெல்ல. அங்கிருந்து காது மடல். கன்னம். சில்லென்று ஐந்து விரல். தாடை எலும்பு. உதடு. மூக்கு. ஒன்றையும் விடாமல். புருவத்தில் நின்று, அவன் மூடிய இமையின் மேல் ஒரு விரல் வந்து தங்கியது.

மற்றக் கண் திறந்தே இருந்தது. திரை தெரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையின் பக்கம். 'தெளிவாக இல்லை' அழிந்தது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது.

பேசியவர் 3. 4.2 மீட்டர்.

"திடீர்னு கண்ணு தெரியலடா. நீ இங்கதான் இருக்கியா? கையக் குடு."