உரியவர் வரும்வரை

இருந்தவர்கள்: பலகை மாற்றுநர் பெஞ்சமின். உரியவர் பூங்கோதை. முதல் சாட்சி தண்டபாணி, உரியவரின் தம்பி. இரண்டாம் சாட்சி ஃபரிதா, உடன் வேலை செய்பவர். மூன்றாம் சாட்சி நித்திலா, உரியவரின் மகள். நிழலி ஒன்று, இன்னும் எழுப்பப்படவில்லை.

சுவரில் இருந்த பதிவுக்கண்ணைப் பார்த்து பெஞ்சமின் இதை ஒப்பித்தான். நிழலியையும் ஆளாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது புது விதி. பிறகு மடிக்கணினியைக் கவிழ்த்து, அடிமூடியின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தான். கழற்றிய திருகுகளைக் காந்தத் தகட்டில் எடுத்த வரிசையிலேயே வைத்தான்.

"கொட்டுனது காப்பியா, டீயா?" என்றான்.

"காப்பி," என்றாள் பூங்கோதை. "தெரியாம கை பட்டுருச்சு."

"எல்லாருக்கும் தெரியாமத்தானுங்க படுது."

மின்கலத்தின் இணைப்பைப் பிடுங்கினான். தாய்ப்பலகையின் ஓரமெல்லாம் பச்சையாகப் பூத்திருந்தது. நடுவில் இருந்த முத்திரைச் சில்லு கருகிவிட்டது. அதைப் பார்த்ததும் பூங்கோதை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அந்தச் சில்லில்தான் அவள் இருந்தாள். வீட்டுக் கதவு, சம்பளக் கணக்கு, மருத்துவமனை, ரயில் எல்லாம் அந்த முத்திரையைக் கேட்டுத்தான் திறந்தன. பலகை செத்த நான்கு நாட்களாக அவள் ஃபரிதாவின் வீட்டு வரவேற்பறையில் படுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீடு பூட்டியே கிடந்தது.

நிழலி சாகவில்லை. அது சேமிப்புத் தகட்டில் பத்திரமாக இருந்தது. பூங்கோதை எழுதிய எழுத்து, பேசிய பேச்சு எல்லாவற்றையும் எட்டு ஆண்டுகளாகக் கற்று, அவள் குரலிலேயே அவளுக்குப் பதில் பேசும் மென்பொருள் அது. வேலை மும்முரத்தில் போன் வந்தால் நிழலி எடுக்கும். பிறகு மும்முரம் இல்லாதபோதும் அதுவே எடுத்தது. ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு நாளும் யாரிடம் என்ன பேசினேன் என்று நிழலி ஒரு சுருக்கம் அனுப்பும். பூங்கோதை அதை விரலால் ஒதுக்கிவிடுவாள்.

பெஞ்சமின் பட்டை வடங்களை ஒவ்வொன்றாக விடுவித்து, பழைய பலகையைத் தூக்கி எடுத்தான். புதிய பலகையை உறையிலிருந்து உருவி வைத்தான். அதற்கு யாரையும் தெரியாது.

"சாட்சிகளை நேர்ல கடைசியா எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டான். எல்லாரிடமும் அவன் கேட்கும் கேள்வி.

"ஃபரிதா ஆபீஸ்ல பக்கத்து சீட்டு. இவங்க ரெண்டு பேர்கிட்டயும் தினமும் பேசறேன்."

"நேர்லன்னு கேட்டேன்."

"தினமும் பேசறோம்ங்க. போதாதா?"

அவன் பசைக்குழாயை எடுத்தான். வெப்பக்குழாயின் அடியில் பசை தடவினான்.

தண்டபாணி கையில் மிக்சர் பொட்டலம் வைத்திருந்தான். "என்னக்கா, இளைச்சுப் போயிட்ட? குரல்ல தெரியவே இல்ல."

"நீ நல்லாப் பெருத்துட்டடா."

"நீதானே நல்லா சாப்புடுன்னு சொல்லிட்டே இருக்க."

பூங்கோதை சிரித்து மழுப்பினாள். மூலையில் நின்ற நித்திலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலத்து விடுதியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் வந்தவள். வந்ததிலிருந்து அம்மாவைத் தொடவில்லை.

திருகுகள் எடுத்த வரிசையிலேயே திரும்பிப் போயின. பெஞ்சமின் பொத்தானை அழுத்தினான். திரை வெளுத்து, நிழலி விழித்தது.

"உள்ள போயிருங்க, மேடம்."

சுவரோரம் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குக் கூண்டு இருந்தது. உள்ளே ஒரு திரை, ஒரு தட்டச்சுப் பலகை. பூங்கோதை போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

முகத்தையும் கைரேகையையும் குரலையும் எவனும் போலியாகச் செய்யலாம் என்று ஆன பிறகு வந்த முறை இது. சாட்சி ஒரு கேள்வி கேட்பார். கூண்டில் இருப்பவரும் நிழலியும் தனித்தனியே எழுத்தில் பதில் சொல்வார்கள். எது யாருடையது என்று தெரியாமல் இரண்டும் திரையில் வரும். ஆளைத் திருடலாம், அவர் மேல் பாசம் வைத்தவர்களை ஏமாற்ற முடியாது என்பது சட்டத்தின் நம்பிக்கை. மூன்றில் இரண்டு சாட்சிகள் கூண்டில் இருப்பவரைக் கண்டுகொண்டால் முத்திரை விழும். இருவர் நிழலியைக் கைகாட்டினால் கூண்டில் இருப்பவர் போலி. உண்மையான உரியவர் வரும்வரை நிழலியே உரியவர்.

தண்டபாணி மிக்சர்க் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "போன மாசம் கடைய மூடிரலாமான்னு கேட்டேனே, என்ன சொன்ன?"

முதல் பதில் வந்தது: உன் இஷ்டம்னு சொன்னேன்.

இரண்டாவது வந்தது: மூடாதே, வாடகை குறைவான இடத்துக்கு மாத்து, பெயர்ப்பலகைய மட்டும் கழட்டாம எடுத்துட்டுப் போன்னு சொன்னேன். அப்ப நீ தும்மிட்டே இருந்த.

திரை கேட்டது: இவர்களில் உங்கள் அக்கா யார்?

தண்டபாணி யோசிக்கவே இல்லை. இரண்டாவதைத் தொட்டான். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தப்பா? எப்படிங்க? வரிக்கு வரி அப்படியேதான் சொல்லுச்சு." அவன் கூண்டைத் திரும்பிப் பார்த்தான். "அப்ப நா இத்தன நாளா யார்கிட்டப் பேசிட்டு இருந்தேன்?"

"சாட்சிகள் பேசக் கூடாது," என்றான் பெஞ்சமின். "அடுத்து."

ஃபரிதா உட்கார்ந்தாள். "காலையில டீ குடிக்கறப்ப என்னைய என்னன்னு திட்டுன?"

முதல் பதில்: உன்னை நான் ஏன் திட்டப் போறேன், ஃபரி? ஏதாச்சும் மனசுல வச்சிருக்கியா?

இரண்டாவது: எருமை.

ஃபரிதா வயிறு குலுங்கச் சிரித்தாள். "இதுதாங்க எங்க கோதை. அந்த இன்னொன்னுக்கு மரியாத ஜாஸ்தி." பச்சை விளக்கு எரிந்தது.

கூண்டுக்குள் பூங்கோதைக்கு மூச்சு சீரானது. இனி மகள்தான். பெற்ற மகள்.

நித்திலா உட்கார்ந்தாள். நாற்காலியைத் திரைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். கூண்டின் திரையில் அது எழுத்தாக ஓடியது.

"போன மார்ச்ல ஹாஸ்டல் மொட்டை மாடி விளிம்புல நின்னுட்டு உனக்குப் போன் பண்ணேன். என்ன சொன்ன?"

தண்டபாணியின் கையிலிருந்த பொட்டலம் கீழே விழுந்தது.

பூங்கோதையின் விரல்கள் தட்டச்சுப் பலகையின் மேலேயே நின்றன. மார்ச்சில் ஏற்றுமதிக் கெடு இருந்தது. சிவப்புக் குறியிட்ட சுருக்கம் ஒன்று வந்ததும், கூட்டத்தில் உட்கார்ந்தபடியே அதை ஒதுக்கியதும் நினைவுக்கு வந்தன. 'தைரியமா இருன்னு சொன்னேன்' என்று அடித்தாள். அழித்தாள். 'இறங்கி வான்னு' என்று ஆரம்பித்து அதையும் அழித்தாள். நேரம் ஓடியது. கடைசியில் உண்மையை அடித்தாள்.

முதல் பதில் திரையில் வந்தது: எனக்குத் தெரியாது. என்ன ஆச்சு கண்ணு?

இரண்டாவது வந்தது: உக்காருன்னு சொன்னேன். உக்காந்த. செருப்பு என்ன கலர்னு கேட்டேன். அப்புறம் பேசிட்டே படியில இறங்கச் சொன்னேன். நீ ரூமுக்குப் போய்த் தூங்கற வரைக்கும் நான் போனை வைக்கல.

திரை கேட்டது: இவர்களில் உங்கள் தாய் யார்?

நித்திலா பெஞ்சமினைப் பார்த்தாள். "கூண்டுக்குள்ள யாருன்னு இது கேக்கலையே."

"இல்ல."

"எங்கம்மா யாருன்னுதான் கேக்குது."

பெஞ்சமின் திருப்புளியை மேசையில் வைத்தான். "கேள்வி என்னவோ அதுக்குப் பதில் சொல்லுங்க, பாப்பா. நா எதுவும் சொல்லக் கூடாது."

"நித்தி, யோசிச்சுப் பண்ணு சாமி," என்றான் தண்டபாணி.

அவள் இரண்டாவதைத் தொட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. புதிய பலகையில் நிழலிக்கு முத்திரை விழும் மெல்லிய ஒலி கேட்டது. கூண்டின் கதவு தானாகத் திறந்தது.

"அவ வேணும்னே பண்றாளுங்க," என்றாள் ஃபரிதா. "இது பூங்கோதை. மூணு வருசமா என் பக்கத்துல உக்காந்திருக்கா. மூஞ்சியப் பாருங்க."

"மூஞ்சிய யார் வேணா மாட்டிக்கலாமுங்க. என் கையில ஒண்ணுமில்ல." பெஞ்சமின் பூங்கோதையைப் பார்க்காமலே பேசினான். "உரியவர் பதிவு அலுவலகத்துல மேல்மனு குடுக்கலாம்."

"குடுக்கறேன். எப்படிக் குடுக்கணும்?"

"முத்திரை போட்டுக் குடுக்கணும்."

பூங்கோதை மகளிடம் போனாள். "நித்தி, மார்ச்ல என்னடி ஆச்சு? என்கிட்டச் சொல்லு."

"சொன்னேன்மா," என்றாள் நித்திலா. "உன்கிட்டத்தான் சொன்னேன்."

மேசையிலிருந்த மடிக்கணினி பூங்கோதையின் குரலில் கனைத்துக்கொண்டது. "தண்டபாணி, கடை விசயம் என்னாச்சு? இடம் பாத்தியா?"

தண்டபாணி அக்காவைப் பார்த்தான். கணினியைப் பார்த்தான். "பாத்துட்டேன்," என்றான், கணினியிடம்.

சோதனை முடிந்தும் முத்திரை கிடைக்காதவர் பலகை மாற்று நிலையத்துக்குள் நிற்கக் கூடாது. வாசலில் எச்சரிக்கை மணி அடிக்க ஆரம்பித்தது. வெளியே தூறல் பிடித்திருந்தது. ஃபரிதா பையை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினாள். பெஞ்சமின் தடுத்தான். சாட்சிகள் மூவரும் ஒப்பம் இட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

"வெளிய நில்லுடி, வந்துர்றேன்," என்றாள் ஃபரிதா. "எங்க அபார்ட்மெண்ட்ல முத்திரை இல்லாதவங்கள அஞ்சு நாளைக்கு மேல விடமாட்டாங்க. அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுவோம்."

பூங்கோதை வாசற்படியைத் தாண்டினாள்.

"நித்தி," என்றது அவள் குரல், உள்ளேயிருந்து. "வெளிய மழை. அவங்ககிட்டக் குடை இருக்கான்னு பாரு, பாவம்."

நித்திலா ஓடி வந்து தன் குடையை நீட்டினாள். பூங்கோதை குடையோடு சேர்த்து அவள் விரல்களைப் பிடித்தாள். நித்திலா ஒரு கணம் விட்டு வைத்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு பூங்கோதையின் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.