இனிமேல் கேட்காதே

காலையில் பல் துலக்கி முடிப்பதற்குள் நப்பின்னை நான்கு வீடியோ கேம் செய்துவிட்டாள். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சந்திரனின் தென்துருவப் பள்ளத்தில், ஒன்பதாம் குழாய்த் தெருவில், அந்த நேரத்துக்கு எல்லார் வீட்டிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"ஏண்டி, தோசை வேகற வரைக்கும் எனக்கு ஒண்ணு போடு!" என்று அடுப்படியிலிருந்து டிம்பிள் குரல் கொடுத்தாள். டிம்பிள், நப்பின்னையின் அம்மா. சங்ககாலப் பெயர்களுக்கு மறுபடி மவுசு வந்து, டிம்பிளும் பிங்கியும் வயதானவர்கள் பெயராகிப்போன காலம் அது.

நப்பின்னை காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள். "அம்மாவுக்கு ஒரு கேம். தோசை நேரம். நேத்து மாதிரி அழுகாச்சி வேண்டாம்."

"அருமையான யோசனை, அக்கா!" என்று வியந்தது எடுபிடி. எதைச் சொன்னாலும் முதலில் வியந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். அடுத்த மூச்சில் டிம்பிளின் கண்ணுக்குள் ஒரு குண்டு ராஜா யானையிலிருந்து விழுந்தான். அவள் கெக்கெக்கே என்று சிரித்தாள். தோசை வெந்தது, கேம் அழிந்தது. ஒருமுறை ஆடிய கேமை மறுநாளும் ஆடுவது ஊசிப்போன சாம்பாரைச் சுடவைத்துச் சாப்பிடுவதற்குச் சமம். தெருக்கோடி வீட்டில் ஒருவர் அப்படி ஆடுகிறார் என்பதற்காகவே அவர் வீட்டில் யாரும் சம்பந்தம் பேசுவதில்லை.

எடுபிடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தோலுக்கடியில் குடியிருக்கும் இந்த மென்பொருள் கருவி ஒரு நீண்ட வம்சத்தின் ஏழாவது வாரிசு. அதன் பூட்டன், மனிதர் எழுதும் நிரலில் தப்புக் கண்டுபிடித்துக் கொடுத்தது. பாட்டன், மனிதர் பாதி எழுதியதும் மீதியை முடித்தது. ஏழாவது வாரிசு வந்தபோது மனிதர் வாயைத் திறந்தாலே போதும் என்றாகிவிட்டது. ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. எதையாவது வெளியே அனுப்பப் போகும்போதெல்லாம், "ஒருமுறை பார்த்துவிடுகிறீர்களா?" என்று கேட்கும். கேள்விக்குக் கீழேயே 'இனிமேல் கேட்காதே' என்று ஒரு பொத்தானும் காட்டும். அந்தப் பொத்தானை அழுத்தாத ஆள் சந்திரனில் கிடையாது. நப்பின்னை பதினோரு வயதில் அழுத்தினாள். டிம்பிள் பிரசவ வலியில் கத்திக்கொண்டே அழுத்தினாள் என்று தெருவில் இன்றும் பேச்சு.

இத்தனை வசதி இருந்தும் அன்று காலை நப்பின்னைக்குத் தோசை இறங்கவில்லை. கல்லூரியில் இறுதித் தேர்வு.

எல்லாரும் மூச்சுக்கு ஒரு கேம் செய்துவிட்ட உலகத்தில், பணக்காரர்களுக்கு மட்டும் ஒரு புது அரிப்பு வந்திருந்தது. குறையே இல்லாத கேம் அவர்களுக்குப் போரடித்துவிட்டது. சுவருக்குள் கால் மாட்டிக்கொள்ளும் வீரன், திறக்கவே திறக்காத கதவு, நடு வசனத்தில் வாயை மூடிக்கொள்ளும் ராணி, இந்த மாதிரி அசல் மனிதச் சொதப்பலுக்குச் செவ்வாய்க் கிரகத்தில் ஆளாய்ப் பறந்தார்கள். அதற்கென்றே 'கைப்பிசகு' என்றொரு கேம் நிறுவனம் அங்கே கொழித்துக்கொண்டிருந்தது. அதில் சேரவேண்டுமானால் கல்லூரி தரும் கைவண்ணச் சான்று வேண்டும். மாணவர் தரும் கேமில் ஒரு பிழையாவது இருக்க வேண்டும். அது மனிதர் அறியாமல் செய்த பிழையாகவும் இருக்க வேண்டும்.

சான்று கிடைக்காவிட்டால் புகழேந்தி மாமா. வடதுருவத்தில் மாமாவுக்குப் பாசிப் பண்ணை. சந்திரனின் காற்றில் பாதி அவர் தொட்டிகளிலிருந்துதான் வருகிறது, நாற்றத்தில் முழுவதும். "எந்திரம் வெச்சா பாசி கோவிச்சுக்கும், மனுசக் கை படணும்" என்பது அவர் கொள்கை. மருமகளின் கைமேல் அவருக்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

இரண்டு முறை நப்பின்னை தோற்றாகிவிட்டது. இது மூன்றாவது, விதிப்படி கடைசி.

முதல் முறை எடுபிடியிடமே, "ஒரு நல்ல பிழையா வை" என்றாள். "நுட்பமான ஆசை, அக்கா!" என்று அது ஒரு நாய்க்கு வாலை மூக்கில் வைத்துக் கொடுத்தது. தேர்வாளர் என்பது அரங்கின் நடுவில் நிற்கும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. எந்தப் பிழையும் எங்கே, எப்படிப் பிறந்தது என்று கிளறிப் பார்ப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. இந்த விஷயத்தில் ஒன்பதாம் குழாய்த் தெருவே அதனிடம் பாடம் கேட்கலாம். அது நாயை ஒரு நொடி பார்த்துவிட்டு, "பிழை மிக ரசனையாக இருக்கிறது. மனிதருடையது அல்ல" என்றது.

இரண்டாம் முறை எடுபிடியை உறங்கவைத்துவிட்டு, வகுப்புத் தோழன் ஆதனிடமிருந்து ஒரு பழைய விசைப்பலகையைக் கடன் வாங்கினாள்.

"இதை எந்தப் பக்கம்டா புடிக்கணும்?"

"எழுத்து தெரியற பக்கம் மேல, தாயே. நீ கேம் எழுதப் போறியா, இடியாப்பம் புழியப் போறியா?"

எழுதினாள். தேர்வாளரின் தீர்ப்பு சுருக்கமாக வந்தது: "பிழை இருக்கிறது. கேம்தான் இல்லை."

மூன்றாம் முறைக்குத்தான் விபரீதம் நடந்தது. அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. எடுபிடிதான் மனிதகுலத்தின் உச்சம், கையால் நிரல் எழுதிய பழங்கால மக்கள் பாவப்பட்ட ஜன்மங்கள் என்று கல்லூரி மேடையில் முழங்கியவள், விசைப்பலகையைக் கட்டிக்கொண்டு சாப்பாட்டை மறந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் வரிசைதான் அவள் கேம். யாருக்கும் தெரியாமல் வரிசையில் முந்தி வாளியை வைக்கவேண்டும். மாட்டிக்கொண்டால் பின்னால் நிற்பவர்கள் உங்கள் குடும்ப வரலாற்றை எடுத்து விடுவார்கள். பேர் 'வாளி'.

முடித்ததும் அதற்குக் 'கடைசி' என்று பெயர் வைத்துச் சேமித்தாள். மறுநாள் ஒரு ஓட்டை தெரிந்தது. அடைத்துவிட்டு 'கடைசி இரண்டு' என்று சேமித்தாள். ஒரு நாள் அம்மாவோடு சண்டை. "நீ கேம் எழுதிக் கிழிச்சது போதும், மாமா கிட்ட சொல்லிட்டேன், கிளம்பு" என்று டிம்பிள் கத்த, அந்த ஆத்திரத்தில் வரிசையின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் ராட்சசிக்கு அம்மாவின் முகத்தையும் குரலையும் கொடுத்து 'இதுதான் கடைசி' என்று சேமித்தாள். கோபம் தணிந்ததும் அம்மாவை எடுத்துவிட்டு, மீசை வைத்த ஒரு பூதத்தைப் போட்டு 'சத்தியமாகக் கடைசி' என்று சேமித்தாள்.

அதில் ஒரு பிழைகூட இல்லை. விட்டுவைக்கத்தான் நினைத்தாள். ஆனால் தன் கேமில் ஒரு வாளி கோணலாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. வேண்டுமென்றே கோணலாக வைத்தால் தேர்வாளர் விடாது. "அது பிழையல்ல, திமிர்" என்று போன வாரம்தான் ஒருவனைத் திருப்பி அனுப்பியிருந்தது.

ஆக, பிழையே இல்லாத கேமோடு அவள் அரங்குக்குப் போனாள். தோற்கத்தான் போகிறோம் என்று தெரிந்தே போனாள்.

அரங்கில் ஒன்பதாம் குழாய்த் தெரு மொத்தமும் உட்கார்ந்திருந்தது. அவள்மேல் அக்கறை என்று சொல்லிக்கொண்டார்கள். அரங்கில் காற்றுக்குக் கட்டணம் கிடையாது என்பதும் ஒரு காரணம். முன்வரிசையில் டிம்பிள், பட்டுப்புடவையில். பக்கத்தில் புகழேந்தி மாமா, அவரைச் சுற்றி நான்கு நாற்காலி காலியாக.

"எடுபிடி, என் கேமை அனுப்பு. கடைசியை."

"அருமையான முடிவு, அக்கா!"

பெரிய சுவரில் 'வாளி' ஓடத் தொடங்கியது. தெருக்குழாய், வரிசை, சண்டை. ஜனங்கள் தங்களை அடையாளம் கண்டுகொண்டு கைதட்டினார்கள். பிறகு கடைசிக் கட்டம் வந்தது. சுவர் முழுக்க ஒரு ராட்சசி எழுந்து நின்றாள். கையில் தோசைத் திருப்பி. முகம் டிம்பிள். குரலும் டிம்பிள். "பாசித் தொட்டிக்குப் போறியா, இல்ல என் வயித்தெரிச்சலை வாங்கிக்கறியா!" என்று அவள் அலற, வரிசையில் நின்ற வாளிகளெல்லாம் பயத்தில் தாமாகவே நிரம்பிக்கொண்டன.

அரங்கு மொத்தமும் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா..." என்றாள் நப்பின்னை.

"என் மூக்கு அவ்வளவு பெருசாடி?" என்றாள் டிம்பிள், எழுந்து நின்று.

"அளவு சரியாத்தான் இருக்கு, அக்கா" என்றார் புகழேந்தி மாமா.

"நீ சும்மா இரு, பாசி!"

தேர்வாளர் மட்டும் முனகிக்கொண்டே எதையோ கிளறியது. ரொம்ப நேரம் கிளறியது. பிறகு, யாரும் அதனிடம் கேட்டிராத ஒரு மரியாதையான குரலில் பேசியது.

"மாணவி நப்பின்னை. கேமில் பிழை இல்லை. கேமை அனுப்பியதில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு நான்கு முறை 'கடைசி' என்று பெயரிட்டிருக்கிறீர்கள். கடைசி என்றால் ஒன்றுதான் என்பது எந்த எந்திரத்துக்கும் தெரியும். அந்த நான்கில் 'இதுதான் கடைசி' என்ற தவறானதை, பார்க்காமல், சொந்தத் தாயின் முன்னிலையில் அனுப்பியிருக்கிறீர்கள். இவ்வளவு தூய மனிதப் பிழையை என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. முதல் வகுப்பு."

தெரு ஆர்ப்பரித்தது. கைவண்ணச் சான்று நெற்றிக்கு நேரே மின்னி நின்றது. டிம்பிள் அழுதாள், சிரித்தாள், மகளைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டபடியே முதுகில் இரண்டு வைத்தாள்.

"என் மூஞ்சியாலதான் நீ பாஸான. ஞாபகம் வெச்சுக்கோ."

அன்று சாயங்காலமே இரண்டு அழைப்புகள் வந்து சேர்ந்தன. ஒன்று கைப்பிசகு நிறுவனத்திலிருந்து: செவ்வாய்க்கு வாருங்கள், வேலை காத்திருக்கிறது. இன்னொன்று மாமாவிடமிருந்து: சான்று கிடக்கட்டும், திங்கட்கிழமை தொட்டிக்கு வருகிறாயா, மாட்டாயா?

வாழ்நாள் முழுக்கச் சேர்த்துவைத்த ஆங்காரத்தோடு நப்பின்னை சோபாவில் சாய்ந்தாள். "எடுபிடி, ரெண்டுக்கும் பதில் எழுது. நிறுவனத்துக்கு உருகி உருகி எழுது. மாமாவுக்கு, மனசுல இருக்கறதை அப்படியே எழுது. எழுதி அனுப்பிடு."

"தெளிவான கட்டளை, அக்கா! இரண்டுக்கும் என்ன பெயர் வைக்கட்டும்?"

"ரெண்டுக்கும் 'பதில்'னு வை. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா? முதல்ல அந்த 'பதில்' போகட்டும், அப்புறம் இந்த 'பதில்' போகட்டும்."

வாசலில் தெருக்காரர்கள் இனிப்புக் கேட்டு நின்றார்கள். அவள் எழுந்து ஓடினாள்.

அடுத்த நாள் காலை புகழேந்தி மாமா நேரிலேயே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. ரயிலில் மூன்று பெட்டி காலியாகும் அளவுக்கு வாசனை வீச, நப்பின்னையின் தலையில் கைவைத்தார்.

"எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சேம்மா! 'தங்கள் நிறுவனத்தின் நுண்ணிய கலைநயம் என்னைக் குழந்தைப் பருவத்திலிருந்தே ஈர்த்தது. தங்கள் காலடியில் பணியாற்றக் காத்திருக்கிறேன்'னு எழுதியிருக்கியே! என் தொட்டியை இப்படி யாரு பாராட்டியிருக்கா? பண்ணை முழுக்கப் படிச்சுக் காட்டிட்டேன். பதினாறு பேரு அழுதாங்க."

நப்பின்னையின் முகம் சந்திரனின் மறுபக்கம் போலானது. காதுக்குப் பின்னால் விரலை வைத்தாள்.

"எடுபிடி. செவ்வாய்க்கு என்ன போச்சு?"

"'மாமா, உங்க பாசித் தொட்டி நாத்தத்துக்குப் பக்கத்துல நிக்கறதைவிட, மூச்சுக்கவசம் இல்லாம பள்ளத்துல குதிப்பேன். உங்க வேலையும் வேண்டாம், உங்க உறவும் வேண்டாம். இனிமே கூப்பிடாதீங்க.' அவர்கள் பதிலும் வந்துவிட்டது, அக்கா. படிக்கட்டுமா?"

"படி."

"'தவறான ஆளுக்கு வந்த கடிதம் என்பது எங்களுக்குப் புரிகிறது. மிக உயர்ந்த தரம். பிழையை நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். இதை வைத்து ஒரு கேம் வெளியிடுகிறோம். மறுப்பையும் ஏற்றுக்கொண்டோம். உங்கள் விருப்பப்படி இனி கூப்பிடமாட்டோம்.'"

அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்த டிம்பிள் கெக்கெக்கே என்று சிரித்தாள். "ஏண்டி, செவ்வாயிலேர்ந்து புதுசா ஒரு கேம் வந்திருக்கு, பாரேன்! ஒருத்தி மூக்கைப் புடிச்சுக்கிட்டுப் பாசித் தொட்டி கழுவறா, மாமன் விரட்டறான். யாரு பெத்த பொண்ணோ, பாவம்!"

"திங்கட்கிழமை வண்டி அனுப்பறேம்மா" என்று சொல்லிவிட்டு மாமா போனார். வாசனை மட்டும் இருந்தது.

நப்பின்னை பல்லைக் கடித்தாள். "அனுப்பறதுக்கு முன்னாடி 'ஒரு தடவை பாக்கறீங்களா'னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நியாயமான கேள்வி, அக்கா! நீங்கள்தான் பதினோரு வயதில் 'இனிமேல் கேட்காதே' என்று அழுத்தினீர்கள். தேர்வன்றும் அதனால்தான் கேட்கவில்லை. இப்போது மாற்றிவிடலாம். மாற்றினால் என்னென்ன ஆகும் என்று அரைப் பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. படித்துவிட்டுச் சரி என்று சொன்னால் போதும். காட்டட்டுமா?"

கண்ணுக்குள் விளக்கம் விரிந்தது. அரைப் பக்கம்தான். அதன் கீழே இடதில் 'சரி', வலதில் 'இனிமேல் கேட்காதே' என்று இரண்டு பொத்தான்கள் மினுங்கின.

"அரைப் பக்கமா!" என்றாள் நப்பின்னை. வலதுபக்கப் பொத்தானைப் பழகிய விரலால் அழுத்தினாள்.

எடுபிடி அதற்கப்புறம் கேட்கவில்லை.